கத்திரி வெயிலும் கண்ணாடிக் கடலும்

திருத்தணிகை மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, தெருவுக்குத் தெரு தறியோசை கேட்கும் அம்மையார்குப்பத்துக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே 90 கிலோமீட்டருக்குக் குறையாத நிலம் கிடக்கிறது. கடற்காற்று அவ்வளவு தூரம் வந்து சேருவதற்குள் தன் குளிர்ச்சியையெல்லாம் வழியிலேயே இழந்துவிடுவதால், கோடை நாட்களில் தமிழ்நாட்டின் வெப்பநிலை அறிக்கையில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் இடம்பெறாத நாள் அபூர்வம் என்றே சொல்லலாம். இத்தகைய பிரதேசத்தில், வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில், 100 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றில் உப்புநீரை நிரப்பி, பாறையும் மணலும் மென்பவளமும் வண்ண மீன்களுமாக ஒரு சிறு சமுத்திரத்தை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை பிறந்தால், அந்த ஆசையைப் பரிகசிக்க நியாயமில்லை. ஆனால் எந்த வடிகட்டியை வாங்கலாம், எந்த மீனை வாங்கலாம் என்று அவர் கடைக்குச் சென்று கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சித்திரை வைகாசியில், உச்சி வேளையில், மின்சாரம் நின்றுபோன இரண்டு மணி நேரத்தை அந்தத் தொட்டி எவ்வாறு கடந்து செல்லும்? அந்த இரண்டு மணி நேரத்தைத் தாங்குவதே நல்ல வடிகட்டி. அதைத் தாங்கிப் பிழைக்கும் எண்ணிக்கையே மீன்களின் சரியான எண்ணிக்கை.

இப்படிச் சொல்வதற்குப் பிராணவாயுவின் கணக்கே காரணம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. 25 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் அது எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதே உஷ்ணத்தில் கடல்நீரிலோ, கரைந்திருக்கும் உப்பு வாயுவுக்கு இடம் கொடாமையால், ஏழு மில்லிகிராமுக்கும் குறைவு. நீர் 32 டிகிரிக்குச் சூடேறிவிட்டால் அதுவும் ஆறாகத் தேய்ந்துவிடுகிறது. ஆகவே வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் 100 லிட்டர் கடல்நீர் முழுவதிலும் இருக்கும் பிராணவாயு, இரண்டேகால் லிட்டர் காற்றில் இருப்பதற்கு மேல் இல்லை. மீனோ குளிர்ந்த இரத்தப் பிராணி. நீர் சூடாக ஆக அதன் உடலின் இரசாயன வேலைகள் துரிதமாகி, பத்து டிகிரி ஏறினால் மூச்சின் தேவை ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறையும் வேளையிலேயே செலவு கூடுகிறது என்பதால், நன்னீரில் கப்பி மீன்களையும் தங்க மீன்களையும் வளர்த்துத் தேறிய கையென்றாலும், உப்புநீரில் அந்த அநுபவத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது.

இதனோடு விஷத்தின் கணக்கும் சேர்ந்து கொள்கிறது. மீன் தன் உடலில் எஞ்சும் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அந்த அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் நிற்கக்கூடியது, ஒன்று ஏறத்தாழத் தீங்கற்ற அயனி, மற்றொன்று செவுளைத் துளைத்து உட்புகும் வாயு. நடுநிலையான நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட வாயு வடிவில் இராது, பி.எச். 8.2 என்ற காரத்தன்மையுள்ள கடல்நீரில் அது ஏறத்தாழப் பத்து மடங்கு. இந்த விஷத்தை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றித் தம் ஜீவனத்தை நடத்திக்கொள்ளும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதை, செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநாட்டினார். வடிகட்டி என்று கடையில் விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கான இடமே ஆகும். பீங்கான் வளையமும் பிளாஸ்டிக் உருண்டையும் அதற்கு மேல் ஒன்றும் செய்துவிடுவதில்லை. இங்கே பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இருக்கிறது: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற இந்த நுண்ணுயிர்களுக்கு நாலரை கிராம் பிராணவாயு வேண்டியிருக்கிறது. அதாவது மீனுக்குப் போட்டியாக வடிகட்டியும் மூச்சு விடுகிறது.

மின்சாரமும் மோட்டாரும் இல்லாத காலத்தில் இந்தக் கலையைத் தொடங்கியவர்கள் பிராணவாயுவின் அருமையை நம்மைவிட நன்றாக உணர்ந்திருந்தார்கள். ஆன்னா தைன் என்ற ஆங்கிலேயப் பெருமாட்டி 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தபோது, திறந்த ஜன்னலுக்கு எதிரே பணிப்பெண்ணை நிறுத்தி, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்து அந்தப் பிராணிகளைக் காப்பாற்றினார். அதற்கும் முன்னர், ஸ்காட்லாந்தில் சர் ஜான் டல்யெல் 1828-இல் பிடித்து ஒரு கண்ணாடி ஜாடியில் இட்ட கடற்சாமந்தி ஒன்று, அவர் காலமான பின்னும் கைமாறிக் கைமாறி, 1887 வரை உயிரோடிருந்தது. அதற்கு இருந்த வடிகட்டி மனிதக் கை ஒன்றுதான், பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் ஊற்றிய கை. நம் சென்னையிலும் அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனையால் மெரினாவில் எழுப்பப்பட்ட கடல்மீன் காட்சிசாலை 1909-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் மூடப்படும் வரையில் நடந்து வந்தது; கடலோரத்தில் நிற்கும் காட்சிசாலைக்கு உள்நாட்டு ஊரின் சங்கடங்கள் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் நம் போன்ற வெப்ப நாட்டவருக்கு மிகவும் நெருங்கிய முன்னோடி என்று நான் கருதுவது ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவரை. கடலிலிருந்து எடுத்த, உயிரினங்கள் ஒட்டிய பாறைகளையே தொட்டியில் அடுக்கி, மெல்லிய காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு உபாயம் எதுவுமின்றிப் பவளங்களையும் மீன்களையும் வளர்க்கலாம் என்று 1961-இல் அவர் எழுதியபோது, மேல்நாடுகளில் அடிச்சரளை வடிகட்டியை நம்பியிருந்த பலருக்கு அது நம்பத்தகாததாகத் தோன்றியது. பிற்காலத்தில் ஜெர்மானியர்கள் அந்தப் பாறையோடு நுரை பிரிக்கும் கருவியைச் சேர்த்துக்கொண்டு, பெர்லின் முறை என்று பெயர் பெற்றதை உருவாக்கினார்கள். அந்தப் பாறையின் சூட்சுமம் இது: அதன் மேற்பரப்பில் பிராணவாயு கிடைப்பதால் அங்கே அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் உயிர்கள் வாழ்கின்றன; அதன் நுண்துளைகளின் ஆழத்தில் பிராணவாயு எட்டாமையால் அங்கே வேறொரு வகை நுண்ணுயிர்கள், அந்த நைட்ரேட்டிலிருந்தே பிராணவாயுவைப் பிடுங்கிக்கொண்டு, நைட்ரஜனை வெறும் வாயுவாகக் காற்றுக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பிளாஸ்டிக் உருண்டைகள் நிறைந்த பெட்டியால் முதற்பாதி வேலையை மட்டுமே செய்ய முடியும். நைட்ரேட் அங்கே நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும், பவளங்களோ அதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

இப்போது உச்சி வேளையின் கேள்விக்குத் திரும்புவோம். கேனிஸ்டர் என்று அழைக்கப்படும் மூடிய உருளை வடிகட்டி பார்வைக்கு நேர்த்தியானது, ஓசையற்றது, நன்னீர்த் தொட்டியில் நல்ல பெயர் வாங்கியது. ஆயினும் மின்சாரம் நின்றவுடன் அதற்குள் அடைபட்ட சில லிட்டர் நீரிலுள்ள பிராணவாயுவை அங்குள்ள நுண்ணுயிர்கள் விரைவில் தின்று தீர்த்துவிட்டு, தாமும் மடியத் தொடங்குகின்றன. மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீரையெல்லாம் மோட்டார் ஒரே மூச்சில் தொட்டிக்குள் தள்ளுகிறது. மீன்கள் மின்வெட்டின் போது பிழைத்திருந்து, வெளிச்சம் வந்த பிறகு சாவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். தொட்டிக்குள்ளேயே திறந்து கிடக்கும் பாறைக்கு இந்த ஆபத்து இல்லை. சிறிய பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அரைமணிப் பொழுதில் ஒரு லிட்டர் காற்றைக் குமிழியாக அனுப்பினால் போதும் என்று எண்ணிவிடாமல், நீரின் மேற்பரப்பு முழுவதும் சுழன்று கலையும்படி அதை வேகமாகவே வைக்க வேண்டும், ஏனெனில் பிராணவாயு நீருக்குள் புகுவது பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகத்தான். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்கையும் நுரை பிரிக்கும் கருவியையும் விட்டுவிட்டு, நீரோட்டம் தரும் சிறு பம்ப் ஒன்றை மட்டும் அதில் இணைத்து வைப்பது புத்திசாலித்தனம்.

ஸ்கிம்மர் என்று வளர்ப்போர் சொல்லும் நுரைப் பிரிப்பியைப் பற்றி இரண்டு வார்த்தை விரிவாகவே சொல்லலாம், ஏனெனில் உப்புநீரின் பாதகங்களுக்கிடையே கிடைத்த அபூர்வ சாதகம் அது. மீனின் கழிவிலும் எஞ்சிய இரையிலும் உள்ள கரிமப் பொருள்களில் பலவற்றுக்கு ஒரு முனை நீரை விரும்புவதாகவும் மறுமுனை நீரை வெறுப்பதாகவும் அமைந்திருக்கிறது. காற்றுக் குமிழி ஒன்று அவற்றினூடே எழும்பும்போது, வெறுக்கும் முனையைக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டு அவை குமிழியின் தோலிலேயே ஒட்டிக்கொள்கின்றன. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று கலந்து பெருத்துவிடும். கடல்நீரிலோ உப்பு அந்தக் கலப்பைத் தடுப்பதால் குமிழிகள் பொடியாகவே நிற்கின்றன, பொடிக் குமிழிகளுக்குப் பரப்பு மிகுதி, பரப்பு மிகுதியானால் அழுக்கு மிகுதியாக ஏறும். குழாயின் உச்சியில் தேநீர் நிறத்தில் துர்நாற்றத்தோடு வந்து சேரும் அந்த நுரையைக் கொட்டிவிடும்போது, அம்மோனியாவாக மாறியிருக்க வேண்டிய பொருள், அப்படி மாறுவதற்கு முன்னரே தொட்டியை விட்டு நீங்கிவிடுகிறது. அதோடு அத்தனை குமிழிகளும் நீருக்குப் பிராணவாயுவையும் ஊட்டிவிட்டே செல்கின்றன. 100 லிட்டர் தொட்டிக்குப் பாறை, கெட்டியான ஒரு ஸ்கிம்மர், நல்ல நீரோட்டம், வாரம் பத்திலொரு பங்கு நீர்மாற்றம் ஆகிய இவையே என் தேர்வு. வேறு வடிகட்டிகளுக்குச் செலவிடும் பணத்தை உஷ்ணத்தை அடக்குவதற்கு வைத்துக்கொள்வது நலம்.

பாறை எங்கிருந்து வரும் என்பதில் சட்டம் குறுக்கிடுகிறது, குறுக்கிடுவதும் நியாயமே. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து கிடக்கும் மன்னார் வளைகுடாப் பவளத் திட்டுகள் நெடுங்காலம் சுண்ணாம்புக்காக வெட்டி அள்ளப்பட்டவை. அப்பகுதி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் திட்டுகளை எழுப்பும் கல்பவளங்களும் கருப்புப் பவளமும் கடல் விசிறியும் கடற்குதிரையும் சேர்க்கப்பட்டுவிட்டன; வேங்கைக்குரிய அதே அட்டவணை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆகவே கடலில் வெட்டிய பவளப் பாறையை யாரேனும் இரகசியமாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், வாங்குகிறவரும் குற்றவாளியே. நுண்துளைகள் மிகுந்த பீங்கான் பாறையையோ உலர்ந்த செயற்கைப் பாறையையோ வாங்கி, முதிர்ந்த தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி மணலையும் சேர்த்து, மீன் இல்லாமலேயே சிறிதளவு அம்மோனியாவை ஊட்டி வந்தால், நான்கு முதல் ஆறு வாரங்களில் அதுவும் உயிர்ப்பாறையாகிவிடுகிறது.

உஷ்ணத்தைப் பற்றி. கடற்பவளத்தின் திசுக்களுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள், நீர் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி ஏறிச் சில வாரங்கள் நீடித்தால் பவளத்தை விட்டு நீங்கிவிடுகின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் இவ்வாறு வெளுத்துப் போயின. பரந்த கடலுக்கே அந்தக் கதி என்றால் கூடத்து மூலையில் நிற்கும் தொட்டியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. சில்லர் என்னும் குளிரூட்டி நம்பகமானது; ஆனால் விலை மிகுந்தது, தான் நீரிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தை அந்த அறையிலேயே உமிழ்வது, மின்வெட்டில் பயனற்றது. மண்பானையை நம்பி வாழ்ந்த ஊரில் அதே தத்துவத்தைத் தொட்டிக்கும் பிரயோகிக்கலாம்: நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறு மின்விசிறி வீசினால், வறண்ட கோடைக் காற்றில் நீர் விரைந்து ஆவியாகிறது, ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 100 லிட்டர் கடல்நீரை ஏறத்தாழ ஆறு டிகிரி குளிர்விக்கப் போதுமானது. அறையின் வெப்பம் மறுபுறம் உள்ளே புகுந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரிதான் நிகரமாகக் கிட்டும் என்றாலும், பல நாட்களில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவே. தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து விலக்கி வைப்பதும், சூடு உமிழும் பழைய விளக்குகளுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கை இரவில் எரியவிடுவதும் செலவு குறைந்த உபாயங்கள். பவளத்துக்குப் பகல் எப்போது என்பதை நாம் வைக்கும் விளக்கே நிச்சயிக்கிறது.

ஆவியாகிச் செல்வது வெறும் நீர், உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு வாரம் கவனியாமல் விட்டால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 37-ஐத் தாண்டிவிடும். ஈடு செய்ய ஊற்றவேண்டியது நன்னீர், உப்புநீர் அன்று. அந்த நன்னீரும் ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் அதிலுள்ள நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்கு உரமாகிவிடும். ஆர்.ஓ. நீர்தான் வேண்டும், வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பல, குடிப்பதற்குச் சுவை தரவேண்டி வடித்த நீரோடு சிறிது கிணற்று நீரையே கலந்து தருகின்றன என்பதால், டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பார்த்துக்கொள்வது நன்று. உப்பும் சமையலுப்பாக இருக்கலாகாது. சேலஞ்சர் கப்பல் உலகக் கடல்களில் சேகரித்த 77 மாதிரிகளை ஆராய்ந்து வில்லியம் டிட்மர் 1884-இல் வெளியிட்ட முடிவின்படி, எந்தக் கடலானாலும் உப்பின் அளவு மாறுமேயன்றி உப்புகளின் விகிதம் மாறுவதில்லை; அந்த விகிதத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் வரும்படி தயாரித்த கடலுப்புக் கலவை, 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை ஆகும்.

இவ்வளவும் ஆன பிறகே மீன். 100 லிட்டர் தொட்டிக்கு அம்மையார்குப்பத்தில் மூன்று மீன்களுக்கு மேல் நான் சிபாரிசு செய்யமாட்டேன்; கடலோர நகரத்தில் குளிர்சாதன அறையில் ஐந்து வைத்திருப்பவரோடு போட்டியிட வேண்டியதில்லை. முதலாவது, ஒரு ஜோடி கோமாளி மீன். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இவ்வினத்தைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைத் தேர்ச்சியோடு கையாண்டிருக்கிறார்கள். அவ்வாறு தொட்டியிலே பிறந்த மீன் உலர்ந்த இரையைத் தயங்காமல் தின்னும், கடலிலிருந்து பிடித்த மீனின் நோயும் பயமும் அதற்கு இராது, அதற்காக எந்தத் திட்டிலும் சயனைடு தெளிக்கப்பட்டிருக்கவும் மாட்டாது. கோமாளி மீன்கள் யாவும் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாகிறது. ஆகவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு இளமீன்களை வாங்கினால் ஜோடிப் பொருத்தத்தை அவையே பார்த்துக்கொள்ளும். அவற்றுக்குக் கடற்சாமந்தி அத்தியாவசியம் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒளியும் முதிர்ந்த நீரும் மிகுதியாக வேண்டும் அந்தப் பிராணி, சிறு தொட்டியில் ஊர்ந்து சென்று பம்பில் சிக்கிச் செத்தால் ஒரே இரவில் அனைத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது இடத்துக்கு ஒரு சிறு உளுவை இனத்து மீனையும் அதனோடு ஒரு சொடுக்கு இறாலையும் வைத்தால், கண்பார்வை மங்கிய இறால் மணலில் வளை தோண்டுவதும், மீன் வாசலில் காவல் நிற்பதும், இறால் வெளிவரும்போதெல்லாம் தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியே வருவதும், எந்த விலையுயர்ந்த மீனும் தராத காட்சி. உளுவை துள்ளி வெளியே விழக்கூடியது. கண்ணாடி மூடி போட்டால் விசிறியின் பயன் போய்விடும். மெல்லிய வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் இரண்டும் நிறைவேறும், நெசவாளர் ஊரில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

தவிர்க்கவேண்டியவை கடையில் அழகாகத் தோன்றுபவை அனைத்தும் என்று சொன்னாலும் பெரிய பிழையாகாது. வண்ணத்துப்பூச்சி மீன் பவளத்தையே கொறித்துத் தின்பது. நீல அறுவை மீன் ஓரடி வளர்ந்து, நாளெல்லாம் நீந்த இடம் தேடுவது. மாண்டரின் மீன் கண்ணுக்குத் தெரியாத இறாலினப் பூச்சிகளைப் பொழுதெல்லாம் பொறுக்கித் தின்று வாழ்வதால் சிறு தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினியால் சாவது. துப்புரவு மீனுக்கும் அதே விதி, நூற்றுக்கணக்கான மீன்களின் ஒட்டுண்ணிகள் இருந்தால்தான் அதற்கு வயிறு நிறையும். களவாக் குஞ்சும் ஓராக் குஞ்சும் விற்பனைக்கு வந்தால், அவை குழம்புக்கேற்ற பருமனுக்கு வளரப் பிறந்தவை என்பதை நினைவில் கொள்ளவும். டாம்செல் எனும் சிறுமீன்கள் மலிவானவை, எதையும் தாங்குபவை, தொட்டியைப் பழக்குவதற்கென்றே முதலில் விடப்படுபவை; ஆனால் முதலில் குடியேறிய இடத்தைத் தம் இராஜ்ஜியமாகக் கருதி, பின்னர் வரும் சாதுவான மீன்களை ஓட ஓட விரட்டும்.

வாங்கும் காலத்தைப் பற்றியும் ஒரு யோசனை. பலர் மார்கழிக் குளிரில் தொட்டியை அமைத்து, தை மாதத்தில் மீன் விட்டு, எல்லாம் செம்மையாக இருக்கிறதென்று மகிழ்ந்து, அக்கினி நட்சத்திரத்தில் இழக்கிறார்கள். அவ்வாறின்றித் தையில் தொட்டியை அமைத்து, பாறையை மட்டும் வளர விட்டு, சித்திரையும் வைகாசியும் மீனில்லாமலே கடத்தி, தினமும் பிற்பகல் மூன்று மணிக்கும் விடியற்காலையிலும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைத்தால், விசிறி போதுமா, சில்லர் வேண்டுமா, மூன்று மீனா, இரண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் குறிப்பே விடை சொல்லிவிடும். 28 டிகிரியைத் தாண்டாதிருந்தால் மூன்று. 30-ஐத் தொட்டுத் தொட்டு மீண்டால் கோமாளி ஜோடி மட்டும். அதற்கும் மேலே போனால் சில்லர் வாங்கும் வரை பாறையும் நத்தைகளும் போதும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிறங்கிச் சென்ற பின் சென்னைக்குப் போய் மீன் வாங்கி வரலாம். பயணம் மாலையிலோ இரவிலோ அமைவது நலம். பையில் மூன்றிலொரு பங்கு நீரும் மீதி பிராணவாயுவும் அடைத்துத் தருவார்கள். வழி நெடுக மீன் விடும் மூச்சின் கரியமில வாயு நீரில் கரைந்து காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே வருவதால், அதே பையில் சேரும் அம்மோனியா தீங்கற்ற வடிவிலேயே அடங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்த மாத்திரத்தில் கரியமில வாயு வெளியேறிக் காரத்தன்மை ஏறவே, அதுவரை அடங்கியிருந்தது விஷமாகிவிடுகிறது. எனவே திறந்த பையில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை மணிக்கணக்கில் கலந்து பழக்குவது அன்பின் மிகுதியால் செய்யும் தவறு. மூடிய பையைக் கால்மணி நேரம் தொட்டியின் மேல் மிதக்கவிட்டு உஷ்ணத்தைச் சமப்படுத்தி, கடைக்காரரின் நீருப்பின் அளவை முன்னரே கேட்டறிந்து நம் நீரையும் அதற்கு நெருக்கமாக அமைத்து வைத்திருந்து, பையைத் திறந்தவுடன் மீனை மட்டும் வலைக்கரண்டியால் எடுத்துத் தொட்டியில் விட்டு, பை நீரைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும். அன்றிரவு விளக்கும் வேண்டாம், இரையும் வேண்டாம்.